வரி தடுக்கும் இடம்

கம்ப்யூட்டர் திரைமேல் இரும்பு ஸ்கேலை வைத்து அளக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட அந்த ஆபீசுக்குப் போனவர்கள் மட்டும் பார்த்திருப்பார்கள். அறுபத்தாறு வயது. முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. பேனா இருக்க வேண்டிய பையில் ஆறு அங்குல ஸ்கேல். முன்னால் நின்றால் எல்லாருக்கும் அவர் ஐயா. முதுகைத் திருப்பினால் ஸ்கேலு. அந்தப் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். எந்தக் காலேஜும் கூப்பிட்டுப் பட்டம் கொடுக்கவில்லை, ஆபீசாவது கொடுத்ததே என்று விட்டுவிட்டார்.

வலைத்தளங்களைப் படிக்கிற மாதிரி ஆக்கித் தருவதுதான் அங்கே தொழில். எழுத்து எவ்வளவு பெரிது, எந்த ஃபாண்ட், வரிக்கும் வரிக்கும் நடுவே எவ்வளவு இடம், ஓரத்தில் எவ்வளவு வெற்றிடம், இதையெல்லாம் முடிவு பண்ணுகிற வேலை. இது ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "சோத்துல கல்லு இல்லாம பொறுக்கிறது ஒரு வேலையான்னு கேளு. பல்லு உடைஞ்சவன்கிட்ட கேளு."

எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. பதினாலு வயதில் துணி கிடங்கில் மூட்டைமேல் எழுதுகிற வேலை. எந்த மூட்டை எந்த லாரிக்கு என்று சுண்ணாம்பு மையால் எழுத வேண்டும். லாரிக்காரன் பத்தடி தள்ளி நின்று, புழுதியில், படித்தாக வேண்டும். மற்றவர்கள் எழுதிய மூட்டைகள் வேறு வேறு ஊருக்குப் போய் நின்றன. இவர் எழுதிய மூட்டை ஒன்றுகூடத் தவறியதில்லை. எழுத்தைப் பெரிதாக்கியதால் அல்ல, எழுத்துக்கு நடுவே இடம் விட்டதால். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அங்கிருந்து ஜெராக்ஸ் கடை, அங்கிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்று, அங்கிருந்து இந்த இரண்டாம் மாடி. வலைத்தளம் என்றால் சிலந்தி ஒழிக்கிற கம்பெனியா என்று ஆட்கள் கேட்ட காலத்தில் அவர் கதவில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டார். இன்றைக்குப் பட்டதாரிகள் ஆறு பேர் அவரிடம் சம்பளம் வாங்குகிறார்கள். சும்மா வந்ததில்லை இது.

அவர் வேலை செய்கிற முறையை ஆபீசில் எல்லாரும் வெளியாட்களுக்குக் கதையாகச் சொல்வார்கள். ஒரு பக்கம் தயாரானதும் அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு மாலையில் வீட்டுக்குப் போவார். காலையில் வந்து நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லுவார்.

"எழுத்து பதினெட்டு. வரி ஒண்ணே முக்கால். மூணாவது பத்திய ரெண்டா உடை. ஓரத்துல அரைக்கால் கூட்டு."

கோடிங் எழுதுகிற தாடி கால்குலேட்டரை எடுப்பான். நாற்பது வயது ஆள், தாடியில் பாதி நரைத்துவிட்டது, இன்னும் அரைக்கால் பிடிபடவில்லை.

"அரைக்கால்னா எவ்வளவு ஐயா? பாயிண்ட் ஒன் டூ ஃபைவா?"

"அதெல்லாம் உன் பாஷை. கால்ல பாதி அரைக்கால். எட்டாங்கிளாஸ் கணக்கு. அதுக்கு மேல படிச்சவனுக்கு வராது."

சொன்னபடி மாற்றினால் பக்கம் பளிச்சென்று ஆகிவிடும். டிசைனர் ஒன்பது வருஷமாக அங்கே இருக்கிறவள், இரண்டு பிள்ளைக்காரி, எதையும் சுலபத்தில் ஒப்புக்கொள்ளாதவள். அவளே ஒருமுறை சொன்னாள்: "ஐயா கண்ணு மனுஷக் கண்ணு இல்ல. எங்க தடுக்கும்னு அதுக்கு எப்படியோ தெரிஞ்சிடுது." அவர் மறுக்கவில்லை. ஸ்கேலை ஒருமுறை தொட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

உண்மை வேறு. அது வீட்டுச் சமையலறையில் இருந்தது.

அவர் மனைவி மூன்றாம் வகுப்பு. எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள். மாலையில் காய் நறுக்க உட்காரும்போது அவர் போனைக் கொண்டுபோய்த் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைப்பார்.

"என்ன, இன்னைக்கும் பரீட்சையா?"

"சும்மா படி."

"கூலி?"

"டீ போட்டுத் தர்றேன்."

வீட்டில் அவர் அடுப்பைத் தொடுகிற ஒரே சமயம் அதுதான். டீ கொதிக்கிற நேரத்தில் அவள் சத்தமாகப் படிப்பாள். ஒழுங்காகப் போகிற இடத்தில் கத்தி காயில் ஒரே தாளத்தில் விழும். கண் தடுக்குகிற இடத்தில் கத்தி நிற்கும். "இரு இரு, இதையே படிச்சிட்டேனே" என்பாள். மேல் வரிக்கே திரும்பிப் போய்விட்டாள் என்று அர்த்தம். அவர் அடுப்பைப் பார்த்தபடியே கல்யாணப் பத்திரிகைக் கவரின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போடுவார். கத்தி எங்கே நின்றதோ அங்கே காலையில் முக்கால் கூடும், அரைக்கால் கூடும். முதலில் அச்செடுத்த தாளில், பிறகு போனில், இருபது வருஷம் இப்படி நடந்தது. ஆபீசில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

அந்த அம்மாளுக்கு மூன்று நாள் காய்ச்சல் மாதிரி இருந்தது. நான்காம் நாள் ஆள் இல்லை.

அவர் அழவில்லை. அழக்கூடாது என்று நினைத்ததும் இல்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், போனவர்களை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். தூர தேசத்திலிருந்து வந்த மகள் பத்து நாள் இருந்துவிட்டு, "அப்பா, என்கூட வந்துடுங்க" என்றாள். "பாக்கலாம்" என்றார். அவள் போன பிறகு அந்த 'பாக்கலாம்' எதைப் பற்றியது என்று அவருக்கே நினைவில்லை. பதினெட்டாம் நாள் ஆபீசுக்குப் போனார். ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்திருந்தது. டிசைனர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார். மறுநாள் இரண்டு கன்னமும் சவரம் செய்யாமலே இருந்தன. சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டே இருப்பார், பின்னால் வருகிறவர் தோளைத் தொடுகிற வரைக்கும். பேங்க் படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் தேதியை எழுதினார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். உப்பு இருந்ததா என்று கேட்டால் தெரியாது.

அவர் கொழுந்தியாள், மனைவியின் தங்கை, மேல்நிலைப் பள்ளி டீச்சர். வாய்க்குப் பூட்டுப் போடாதவள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவாள். ஒருநாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அத்தான், ஒரு தடவை அழுதுதான் தொலைங்களேன். கண்ணீருக்கு யாரும் வரி போடப் போறதில்ல."

"வரல."

"வரலைன்னா?"

"வரலைன்னா வரல. டேங்க்ல தண்ணி இல்லாம குழாயைத் திருகினா?"

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் கண் ஆஸ்பத்திரி வேலை வந்தது. ஏழு வருஷமாக அவர்கள் வலைத்தளம் இவர் கையில்தான். இந்த முறை ஒரே ஒரு பக்கம். புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் எந்தச் சொட்டு மருந்தை எத்தனை முறை போட வேண்டும் என்கிற அட்டவணை. மூன்று பாட்டில், மூடி நிறத்தால் அடையாளம்: வெள்ளை, பச்சை, நீலம். இதற்காக ஹெட் நர்ஸ் தானே மாடி ஏறி வந்தாள். ஐம்பது வயது, கனத்த உடம்பு. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் பேசினாள்.

"தினம் காலைல பத்து போன் வருது ஐயா. பேப்பர்ல கொடுத்தா தொலைச்சிடறாங்க. போன்ல இருந்தா வீட்ல யாராச்சும் எடுத்துக் கொடுப்பாங்க. ஆனா வீட்ல எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க, இவங்க தனியா இருப்பாங்க. ஒரு கண்ணுல கட்டு. இன்னொரு கண்ணும் அரைகுறை. அவங்க தானா படிக்கணும்."

"நம்ம கைல விடுங்க சிஸ்டர்" என்றார். "இந்தக் கண்ணு பார்த்து அனுப்பின பக்கத்துல இதுவரைக்கும் ஒருத்தன் தடுக்கினான்னு புகார் வந்ததில்ல."

"வெளியிடறதுக்கு முன்னால வெயிட்டிங் ஹால்ல அஞ்சு பேர்கிட்ட படிக்கக் கொடுப்பேன். மருந்து விஷயம் பாருங்க."

"அஞ்சு என்ன, அம்பது பேர்கிட்டக் கொடுங்க."

பழக்கம் பேசியது. நாக்குக்கு அந்த வார்த்தைகள் தெரியும், அவரைக் கேட்டுப் பேச வேண்டியதில்லை.

மாலையில் போனில் பக்கத்தை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சமையலறையில் தண்ணீர் ஜக் இருந்தது. போனை அதில் சாய்த்து வைத்தார். அடுப்பில் டீ வைத்தார். கவரைத் திருப்பிப் பென்சிலை எடுத்தார். டீ கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தது. போனும் வெளிச்சம் குறைந்து அணைந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்தது என்றால், கணக்கில் ஒன்று குறைகிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். வேறொன்றும் ஆகவில்லை. அடுப்பைத் துடைத்தார்.

பிறகு தானே பார்த்தார். பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும், படிக்கவில்லை. அவர் எந்தப் பக்கத்தையும் படித்ததே இல்லை. ஆபீசில்கூட, "நீ வாசி, நான் கேக்கறேன்" என்று கண்ணை மூடிக்கொள்வார். ஏதோ ஆழ்ந்து கேட்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். ஸ்கேலை வைத்தார். வரியை ஒன்றரை ஆக்கிப் பார்த்தார், ஒண்ணே முக்கால் ஆக்கிப் பார்த்தார், இரண்டு ஆக்கிப் பார்த்தார். முன்பெல்லாம் ஒரு மயிரிழை கூடினால் பல் கூசுகிற மாதிரி தெரியும். இப்போது மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன. சுவரில் அடித்த சுண்ணாம்பைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

காலையில் போய்ச் சொன்னார். "எழுத்து பதினெட்டு. வரி ஒண்ணே முக்கால்."

போன வருஷம் அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் கட்டுரைக்குச் சொன்ன எண்கள் அவை. அவள் படித்து, ஒருமுறைகூடக் கத்தி நிற்காத எண்கள்.

"அட்டவணைக்குமா ஐயா?" என்றாள் டிசைனர்.

"எழுத்து எழுத்துதானே?"

நான்காம் நாள் ஹெட் நர்ஸ் மறுபடி மாடி ஏறினாள். இந்த முறை மூச்சு வாங்கக் காத்திருக்கவில்லை.

"அஞ்சு பேர்ல மூணு பேர் தப்பாப் படிச்சாங்க. பச்சை மூடி ஒரு நாளைக்கு ரெண்டு முறைதான். மூணு பேரும் ஆறுன்னு சொன்னாங்க. மூணு பேரும்! நல்லவேளை, ஹால்லயே கேட்டோம்."

ஆபீசில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"அவங்களுக்குக் கண்ணு சரியில்ல சிஸ்டர்" என்றார் அவர்.

"ஐயா, அதனாலதான ஆபரேஷனே பண்றோம்!"

தாடி சிரிப்பை அடக்கக் குனிந்து வயரைத் தேடினான். ஹெட் நர்ஸ் எழுந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், அதனால் எல்லாருக்கும் கேட்டது. "உங்க வீட்ல நடந்தது தெரியும். நான் ஒண்ணும் கல்லு இல்ல. ஆனா இது மருந்து. வெள்ளிக்கிழமை மறுபடி அஞ்சு பேர். அப்பவும் இப்படின்னா, பெரிய டாக்டர் வேற கம்பெனியப் பாக்கச் சொல்லிட்டாரு."

அவள் போன பிறகு அவர் ஸ்கேலை எடுத்து மேசைமேல் வைத்தார். கோபம் வர வேண்டிய நேரம். பயமாவது வர வேண்டும். இருபது வருஷத்துப் பெயர், 'ஐயா கண்ணு' என்கிற பெயர், வெள்ளிக்கிழமை போகப் போகிறது. அது போனால் அவரிடம் மிச்சம் ஒன்றுமில்லை. வீட்டில் ஏற்கெனவே இல்லை. இதையெல்லாம் யாருடைய விஷயத்தையோ போல யோசித்தார்.

"எழுத்தைப் பெருசாக்கிடலாமா?" என்றாள் டிசைனர்.

"இன்னும் இடம் விடலாம். ரெண்டு வைங்க வரிக்கு" என்றான் தாடி.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஸ்கேலை எடுத்துப் பையில் செருகிக்கொண்டார்.

அன்று ஞாயிறு இல்லை. ஆனாலும் மாலையில் கொழுந்தியாள் வந்திருந்தாள், அக்காவின் புடவைகளைப் பிரித்துப் பெட்டியில் வைக்க. அவர் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்தார்.

"இதைக் கொஞ்சம் சத்தமாப் படி."

அவள் புடவையை மடித்துக்கொண்டே ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டாள். குழாயில் தண்ணீர் வந்த மாதிரி. வெள்ளைக்கு ஆறு, பச்சைக்கு இரண்டு, நீலத்துக்கு நாலு. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. கவரின் பின்பக்கம் கோடு எதுவும் விழவில்லை.

"மறுபடி படி. மெதுவா."

"எத்தனை தடவை படிச்சாலும் இப்படித்தான் அத்தான். முப்பது வருஷமா பசங்க கையெழுத்தைத் திருத்தறேன். கோழி கிளறினதைக் கொடுத்தாலும் படிச்சிடுவேன்." மடிப்பை நீவியபடியே சொன்னாள்: "உங்களுக்கு வேண்டியது படிக்கிற ஆளு இல்ல. தடுக்கி விழற ஆளு."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க? எனக்குத் தெரியாதா? போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. 'உங்க அத்தானுக்கு நான் தடுக்கி விழுந்தாத்தான்டி சோறு'ன்னு."

"சொன்னாளா?"

"இருபது வருஷமா சொன்னா. இன்னொண்ணும் சொல்லுவா. சொல்லட்டுமா?"

"சொல்லு."

"'அவரும் என்னை மாதிரிதான்டி படிப்பாரு. எழுத்துக்கூட்டித்தான். கல்யாணமான புதுசுல ஒரு லெட்டர் வந்தது. அதை ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் படிச்சாரு. வெளியில வாயைத் திறந்து படிச்சா பவுசு போயிடும்னு பயம்'னு."

அவர் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நீலப் புடவை ஒன்று நாற்காலியில் கிடந்தது. அதை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். கொழுந்தியாளிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை, அதனால் மறுக்கவும் இல்லை. அந்த லெட்டர் யார் எழுதியது என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. கதவின் தாழ்ப்பாள் மட்டும் நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை காலையில் ஆபீசுக்குப் போனதும் நாற்காலியை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டார். டிசைனரையும் தாடியையும் கூப்பிட்டார். மற்ற நான்கு பேரும் கூப்பிடாமலேயே திரும்பினார்கள்.

"பேப்பர் பென்சில் எடுத்துக்கோ" என்றார் டிசைனரிடம். "நான் படிக்கப் போறேன். எங்க நிக்கறனோ அங்க கோடு போடு. யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது."

"நீங்களா ஐயா?"

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

போனைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்தார். படிக்க ஆரம்பித்தார்.

"ஆ… ஆபரே… ஆபரேஷனுக்குப் பின் போட… போட வேண்டிய…"

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இருபது வருஷமாக ஊருக்கே படிக்க வழி பண்ணிக் கொடுத்த மனிதர், பட்டதாரிகள் ஆறு பேர் நடுவே, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி விரலை வைத்துப் படித்தார். ஒருத்தன் ஜன்னலைப் பார்த்தான். ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், மூடினாள். டிசைனர் தலையே நிமிரவில்லை. அவள் பென்சில் பேப்பர்மேல் தயாராக நின்றது.

"வெள்ளை மூடி மருந்து. முதல் வாரம் ஒரு நாளைக்கு… ஆறு முறை. பச்சை மூடி மருந்து. ஆ… ஆறு முறை…"

எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

"ஐயா" என்றான் தாடி கடைசியில், மெதுவாக. "பச்சை ரெண்டு முறை."

அவர் போனைத் தூரத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். வெயிட்டிங் ஹாலில் மூன்று பேர் விழுந்த குழியில் நாலாவதாகத் தானும் விழுந்திருப்பது தெரிந்தது. முகம் சிவக்கவில்லை. அதற்குக்கூட உள்ளே ஏதாவது ஓட வேண்டுமே. ஒரு விதத்தில் அது நல்லதாயிற்று. ஆறு மாசம் முன்பாக இருந்தால் எழுந்து போயிருப்பார்.

"கோடு போட்டியா?"

"போட்டேன் ஐயா."

"ஏன் விழுந்தேன்னு கேளு. பச்சை மூடின்னு படிச்சிட்டு வலது பக்கம் போறேன். அங்க கைக்கு எட்டுற தூரத்துல 'ஆறு முறை' நிக்குது. அது யாரோட ஆறு?"

டிசைனர் எழுந்து வந்து போனைப் பார்த்தாள். "வெள்ளையோடது. 'முதல் வாரம் ஒரு நாளைக்கு' ஒரு வரி, 'ஆறு முறை' அடுத்த வரி. போன் சின்னது, வரி மடங்கிப் பச்சைக்குப் பக்கத்துல வந்து உக்காந்துடுச்சு." பிறகு அவளே நெற்றியில் தட்டிக்கொண்டாள். "வரிக்கு நடுவுல எவ்வளவு இடமோ, மருந்துக்கு நடுவுலயும் அதே இடம். அப்புறம் எது எதோட சேர்ந்ததுன்னு எப்படித் தெரியும்? இன்னும் இடம் விட்டிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்!"

"நான் ரெண்டு வைக்கச் சொன்னேன்" என்றான் தாடி, தலையைச் சொறிந்தபடி.

"நீயும் நானும் மனப்பாடமாப் பாக்கறோம்பா. நாமதான டைப் அடிச்சோம்? நமக்கு எங்க தடுக்கும்?" என்றாள் அவள்.

அவர் சொன்னார்: "ஒரு மருந்துக்குள்ள இருக்கிற வரிய ஒண்டி உக்கார வை. ஒண்ணே கால், அதுக்கு மேல அரைக்கால். மருந்துக்கும் மருந்துக்கும் நடுவுல மூணு வரி இடம் விடு. கோடும் போடு. எண்ணிக்கைய முன்னால கொண்டா, தடிச்ச எழுத்துல. வாரக் கணக்கு கீழ போகட்டும்."

"ஒண்ணே காலும் அரைக்காலும்…" தாடி கால்குலேட்டரை எடுத்தான். "ஒன் பாயிண்ட் த்ரீ செவன் ஃபைவ். இதுக்கு ஒரு அட்டை எழுதி ஒட்டிடுங்க ஐயா, புண்ணியமாப் போகும்."

மாற்றினார்கள். அவர் மறுபடி படித்தார். நீல மூடியில் ஒரு இடத்தில் நின்றார். அங்கே எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஃபாண்டை மாற்றினார்கள். மூன்றாவது முறை படித்தார். அப்போதும் எழுத்துக்கூட்டித்தான் படித்தார், வேகம் கூடவில்லை. ஆனால் எங்கேயும் திரும்பிப் போகவில்லை. டிசைனரின் பேப்பரில் கோடு விழவில்லை. அவர் படிப்பது இதற்குள் ஆறு பேருக்கும் பழகிவிட்டது. ஜன்னலைப் பார்த்தவன்கூட இப்போது போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருபது வருஷமா இப்படித்தான் செஞ்சீங்களா ஐயா?" என்று டிசைனர் கேட்டாள். "வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே சத்தமாப் படிச்சு?"

ஆமாம் என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். பெயர் அப்படியே நிற்கும். அவர் ஸ்கேலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் படிக்கல. வீட்ல படிச்சா."

"அம்மாவா?"

"மூணாங்கிளாஸ். அவ எங்க நின்னாளோ அதைத்தான் உங்களுக்கு நம்பராச் சொன்னேன்."

கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற மிஷின் ஓடி நின்றது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் லேசாகும் என்பார்கள். அவருக்கு லேசாகவும் இல்லை, கனக்கவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னார், அவ்வளவுதான். தாடிதான் கடைசியில் வாயைத் திறந்தான்.

"அப்ப அரைக்கால் யாரோடது ஐயா?"

"அரைக்கால் என்னோடதுடா" என்றார். "அதை யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை மதியம் ஹெட் நர்ஸ் போன் செய்தாள். ஐந்து பேரில் நாலு பேர் சரியாகப் படித்தார்கள். ஐந்தாவது ஆள் கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவர். மருமகள் போய் எடுத்து வந்ததும் அவரும் சரியாகப் படித்துவிட்டார். பக்கம் மாலைக்குள் வெளியே வந்துவிடும்.

"என்ன பண்ணீங்க ஐயா? ரெண்டு நாள்ல இப்படி மாறிடுச்சு!"

"எட்டாங்கிளாஸ் ஆள் ஒருத்தரை உக்கார வெச்சுப் படிக்க விட்டோம் சிஸ்டர். இங்க பட்டதாரிங்க ஆறு பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் அப்படித் தடுக்கி விழ வராது. அதுக்கெல்லாம் ஒரு தகுதி வேணும்."

போனை வைத்தார். பெருமையாகப் பேசியது குரல்தான். குரலுக்கு அது பழக்கம். ஆனால் சொன்னதில் இந்த முறை பொய் இல்லை, அதைக் கவனித்தார்.

டிசைனர் அடுத்த பக்கத்தைக் கொண்டுவந்தாள். தண்ணீர் வாரியத்தின் புகார்ப் படிவம், நெருக்கி நெருக்கி எழுதியது. மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே இதெல்லாம் நீங்களே படிச்சுடுவீங்களா ஐயா? இங்கயேவா, இல்ல உள் ரூம்ல வெச்சுக்கலாமா?"

உள் அறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியை மறுபடி நடுக்கூடத்துக்கு இழுத்தார்.

"இங்கயே. கூலி ஒரு டீ."

தாடி போய்க் கீழே டீ சொல்லிவிட்டு வந்தான். கூலி என்று ஏன் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. டீ வந்தது. குடித்தார். சர்க்கரை போட்டிருந்ததா என்று தெரியவில்லை. தம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, விரலை முதல் வரியில் வைத்தார்.

"பு… புகார் தருபவர்…"

டிசைனர் பென்சிலைக் கூராக்கிக்கொண்டாள்.